காலடித் திசைக்கு ஒரு வணக்கம்

மும்மணிகளை வணங்கித் தொடங்குகின்றோம்.

உபாசகர்களே, உபாசிகைகளே! இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள், கூலி கொடுப்போரின் தம்மம் என்பதாகும். நால்வகை வாய்மை, எண்வகை நெறி, பன்னிரு சார்பு எனத் தம்மத்தில் ஆழ்ந்த பொருள்கள் பல இருக்க, கடைச் சம்பளத்தையும் பட்டறை விடுமுறையையும் பற்றிப் பேசுவது விகாரைக்கு ஏற்றதாகுமோ எனச் சிலர் எண்ணக்கூடும். ஏற்றதே என்போம். எண்வகை நெறியில் சம்மா ஆஜீவம், அதாவது நேரிய பிழைப்பு, ஓர் உறுப்பாகும். அவ்வுறுப்பை விட்டுவிட்டு ஏனைய ஏழினை மட்டும் கைக்கொள்ளலாம் என்று ததாகதர் யாருக்கும் சலுகை அளித்தாரில்லை.

நம் முன்னோர் இப்புனே நகருக்கு எவ்வாறு வந்தனர்? வெள்ளையர் படையோடும், அப்படைக்கு வேண்டிய வேலைகளோடும் வந்தனர். பூனா முகாமிலும், கட்கியிலும், தேஹு ரோட்டிலும் படைக்கலக் கிடங்குகளில் மூட்டை சுமந்தனர். வெடிமருந்துச் சாலையிலும் இரயில் பாதையிலும் உழைத்தனர். பிறர் வீட்டு அடுப்பங்கரையில் நின்றனர். வேலை கேட்டு வந்த மக்கள் நாம். அத்தகைய உழைப்பாளர் வாழ்ந்த தேஹு ரோட்டில்தான் 1954-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் போதிசத்துவர் பாபாசாகேப் அம்பேத்கர் அவர்கள் தம் கையால் பகவானின் திருவுருவை நிறுவினார்கள். நாகபுரியில் 1956 அக்டோபர் 14-இல் தீட்சை நிகழ்வதற்கு ஏறத்தாழ இரண்டாண்டுகளுக்கு முன்னரே அவ்விளக்கு இங்கு ஏற்றப்பட்டது.

இன்று நம் நிலை சற்று மாறியுள்ளது. நம்மவரில் சிலர் லேத் பட்டறை வைத்துள்ளனர். சிலர் டிபன் கடை, சலவைக் கடை, தையற்கடை, பழைய இரும்புக் கடை நடத்துகின்றனர். சிலர் துப்புரவு வேலைக்கும் கட்டட வேலைக்கும் ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரராக இருக்கின்றனர். ஒடுக்கப்பட்டோர் வேலை தேடுவோராக மட்டும் இராமல் வேலை தருவோராகவும் ஆகவேண்டும் என்னும் நோக்கோடு திரு. மிலிந்த் காம்ப்ளே அவர்கள் தலித் இந்திய வணிகத் தொழிற் சபையை 2005-ஆம் ஆண்டு தொடங்கியதும் இதே புனேயில்தான். மைய அரசும் பொதுத்துறை நிறுவனங்களும் வாங்கும் பொருள்களில் நூற்றுக்கு நான்கு பங்கினைப் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் நடத்தும் சிறு தொழில்களிடம் வாங்கவேண்டும் என்னும் கொள்கை 2012-இல் வந்தது. இவற்றையெல்லாம் கண்டு நாம் மகிழ்கின்றோம்.

மகிழ்ச்சியோடு ஒரு கேள்வியும் எழுகின்றது. நம்மவர் முதலாளியானால், அவரிடம் கூலிக்கு நிற்பவன் காணப்போவது புதிய முதலாளியையா, பழைய முதலாளியின் மறுபதிப்பையா? சாதி என்பது வெறும் ஏற்றத்தாழ்வு அன்று, படிப்படியான ஏற்றத்தாழ்வு என்று பாபாசாகேப் விளக்கினார்கள். ஒவ்வொருவனுக்கும் கீழே மிதிப்பதற்கு ஒருவன் இருப்பதால்தான் அக்கட்டடம் விழாமல் நிற்கின்றது. நாம் ஏறிய படியிலிருந்து கீழே இருப்பவனை மிதிப்போமானால், நாம் பழைய கட்டடத்தில் ஒரு மாடி மேலே குடியேறினோம் என்பதன்றி அதனை விட்டு வெளியேறினோம் ஆகமாட்டோம். இருபத்திரண்டு உறுதிமொழிகளுள் சமத்துவத்தை நிலைநாட்ட முயல்வேன் என்பதும் ஒன்று. அவ்வுறுதிமொழி சோதிக்கப்படும் இடம் மேடையன்று. சம்பள நாளன்று நம் கடையின் கல்லாப் பெட்டிதான்.

சிகாலகனுக்குச் சொன்ன தம்மம்

இராசகிருக நகரில் சிகாலகன் என்னும் இளைஞன் ஒருவன் இருந்தான். அவன் தந்தை இறக்கும் தறுவாயில், நாள்தோறும் ஆறு திசைகளையும் வணங்குவாயாக என்று சொல்லிவிட்டு மாண்டார். பொருள் அறியாத மகன், விடியற்காலையில் ஈர ஆடையோடும் ஈரத் தலையோடும் நின்று கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு, கீழ், மேல் என ஆறு பக்கமும் கும்பிட்டு வந்தான். மூங்கில் வனத்திலிருந்து பிச்சை ஏற்க வந்த பகவான் அதனைக் கண்டார். வணங்காதே என்று அவர் தடுக்கவில்லை. வணங்கும் முறை இதுவன்று என்றார். கிழக்கென்பது பெற்றோர், தெற்கென்பது ஆசிரியர், மேற்கென்பது மனைவி மக்கள், வடக்கென்பது நண்பர், மேல் என்பது துறவோர். கீழ் என்பது, அதாவது நம் காலடித் திசை என்பது, ஏவலரும் கூலியாள்களும் ஆவர். இவர்களுக்குச் செய்யவேண்டிய கடமையைச் செய்வதே அவ்வத் திசையை வணங்குவதாகும் என்று போதித்தார்.

அன்பர்களே, இதனைச் சற்று நின்று நோக்குங்கள். வேலையாளை உலகம் காலடியில் வைத்திருந்த காலம் அது. இருக்கும் இடத்தைப் பகவான் மறைக்கவில்லை. ஆனால் அவ்விடத்தை நோக்கித் தலை குனியுமாறு எசமானனுக்குக் கட்டளையிட்டார். தாய் தந்தையை வணங்கும் அதே பட்டியலில், ஆசிரியரை வணங்கும் அதே சொல்லால், கூலியாளையும் வணங்கு என்றார். இன்னும் ஒன்று. எசமானன் செய்யவேண்டியவை ஐந்து என முதலில் கூறி, அவ்வாறு பேணப்பட்ட வேலையாள் திரும்பச் செய்யும் ஐந்தினைப் பின்னர்க் கூறினார். எனவே தொடங்கவேண்டியவர் முதலாளி. ஆள் ஒழுங்காக வேலை செய்யட்டும், பிறகு கவனிப்போம் என்பது தம்மத்தின் வரிசை அன்று.

அவ்வைந்தும் யாவை? வலிமைக்குத் தக்க வேலை, உணவும் கூலியும், நோயுற்றபோது பேணுதல், அரிய சுவைப்பொருளைப் பகிர்தல், உரிய காலத்தில் ஓய்வு. இவற்றை நம் பட்டறைக்கும் கடைக்கும் பொருத்திப் பார்ப்போம்.

முதலாவது: வலிமைக்குத் தக்க வேலை

பதினான்கு வயது நிரம்பாத பிள்ளையை எத்தொழிலிலும் கூலிக்கு வைத்தல் 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் குற்றமாகும். ஊரிலிருந்து உறவினர் அனுப்பிய பையன், சும்மா இருக்கிறான், தட்டுக் கழுவட்டும் என்று சொல்வோர் நம்மிடையேயும் உண்டு. அப்பையனின் இடம் பள்ளிக்கூடம். கல்வியின்றிக் கெட்ட குலம் நாம் என்று மேடைதோறும் பேசிவிட்டு, வேறொரு வீட்டுப் பிள்ளையின் கல்வியை நம் தட்டுக்காக நிறுத்தலாமா?

வளர்ந்த ஆளுக்கும் இவ்விதி பொருந்தும். பொசரியிலும் சின்ச்வடையிலும் பவர் பிரஸ் ஓட்டும் பட்டறைகள் நிறைய உண்டு. இரு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒருசேர அழுத்தினாலன்றி அவ்வியந்திரம் இறங்கக் கூடாது என்பதற்கே அவ்வாறு அமைத்துள்ளனர். வேலை விரைவாக ஓட வேண்டும் என்பதற்காக ஒரு பொத்தானை நிரந்தரமாக அழுத்திக் கட்டிவிடும் வழக்கம் சிற்சில இடங்களில் உள்ளது. கட்டப்படுவது பொத்தான், போவது ஒருவனின் விரல். விரல் போனவன் கை வலிமையை நம்பிப் பிழைத்தவன். கொல்லாமை என்னும் முதற் சீலத்தை ஆடு கோழியோடு நிறுத்திக்கொள்ளாமல் இயந்திரத்தின் வாய்வரை கொண்டு செல்வதே முதலாளியின் சீலமாகும்.

நிற்பதும் வேலைதான். ஆலையில் தறிக்கும் கதிருக்கும் நடுவில் ஷிப்டு முழுதும் நின்ற கால்கள் நம்முடையவை; இரவில் அக்கால் எவ்வாறு வலிக்கும் என்பதை நாம் புத்தகத்தில் படித்து அறிந்தோமில்லை. தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டு, கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்வோருக்கு உட்கார இருக்கை வைத்தே ஆகவேண்டும் எனச் சட்டம் திருத்தப்பட்டது. ஒரு முக்காலிக்குச் சட்டம் தேவைப்பட்டது என்பது நாணத்தக்க செய்தி. மராட்டியத்தில் இருக்கும் நாம் அந்தச் சட்டம் நம்மைக் கட்டாது என்று சொல்லாமல், நாளையே ஒரு முக்காலி வாங்கி வைக்கலாம்.

இரண்டாவது: உணவும் கூலியும்

ஆளவி என்னும் ஊரில் பகவான் போதிக்க அமர்ந்திருந்தார். ஏழை உழவன் ஒருவன், காணாமற்போன மாட்டைத் தேடி அலைந்துவிட்டு, பசியோடு பிற்பகலில் ஓடி வந்தான். பகவான் அதுவரை வாய் திறவாது காத்திருந்தார். அவன் வந்ததும், மீந்த உணவு உண்டா என்று கேட்டு, முதலில் அவனுக்குச் சோறிடச் செய்து, அதன் பின்னரே தம்மம் உரைத்தார். பசியே பெரும் பிணி என்று அங்கு உணர்த்தினார். பசித்தவனுக்குத் தம்மமே காத்திருந்தது எனில், கணக்கு முடியவில்லை, காசோலை வரவில்லை என்று கூலியை நாம் காக்க வைப்பது எங்ஙனம் தகும்?

இந்நகரில் பாபா ஆடாவ் அவர்கள் மூட்டை சுமப்போருக்கென அமைத்த ஹமால் பஞ்சாயத்து, ‘கஷ்டாச்சி பாக்கர்’ என்னும் பெயரில் குறைந்த விலையில் உணவு வழங்கும் சாலைகளை நடத்தி வந்துள்ளது. உழைப்பின் ரொட்டி என்பது அதன் பொருள். உழைப்பவன் வயிறு வாடக்கூடாது என்பதைப் பௌத்தர் அல்லாதாரும் செய்து காட்டியிருக்க, பௌத்தர் பின்தங்கலாகாது.

கூலியைப் பற்றி மூன்று செய்திகள் சொல்வோம். முதலாவது, எழுத்து. இவ்வளவு சம்பளம், இத்தனை மணி நேரம், இந்த வேலை என ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டு ஆளிடம் கொடுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நியமனக் கடிதத்தை வற்புறுத்துகின்றன. இரண்டாவது, நாள். மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கொடுக்கப்பட வேண்டும் என்பது சட்டம். ஏழு என்று ஒருமுறை சொன்னால் ஏழாகவே இருக்கட்டும். மிகுதி நேரம் வேலை வாங்கினால் இரு மடங்கு கூலி என்பதும் சட்டமே. பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்பது 1976-ஆம் ஆண்டிலேயே சட்டமாயிற்று.

மூன்றாவது, முன்பணம். மராட்டியத்தில் கரும்பு வெட்டும் குடும்பங்கள் ‘உசல்’ என்னும் முன்பணத்தை முகாதமிடம் வாங்கிக்கொண்டு ஊரை விட்டுப் புறப்படுவதை நாம் அறிவோம். பணம் தீரும்வரை உடல் அடகில் இருக்கும். நம் கடையிலும் திருமணத்திற்கும் மருத்துவத்திற்கும் ஆள்கள் முன்பணம் கேட்பார்கள். கொடுப்பது நற்செயல். ஆனால் கணக்கை அவர் கையிலும் ஒரு படி இருக்குமாறு எழுதுக. சிறு தவணையாகக் கழிக்க. விட்டுப் போக நினைப்பவரைக் கடனைக் காட்டித் தடுக்காதீர். கொத்தடிமை முறை 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அது நம் குறிப்பேட்டின் வழியாகத் திரும்பி வரலாகாது.

மூன்றாவது: நோயுற்றபோது பேணுதல்

வயிற்றுக்கடுப்பு நோயால் ஒரு பிக்கு தம் கழிவிலேயே கிடந்தார். பகவானும் ஆனந்தரும் அவ்வழி வந்தனர். உம்மைப் பேணுவார் இல்லையா என்று பகவான் வினவினார். நான் மற்றப் பிக்குகளுக்கு எவ்வுதவியும் செய்பவனல்லன்; ஆதலால் அவர்கள் என்னைப் பேணுவதில்லை என்றார் அவர். பகவான் ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் செய்து, தாமே நீர் ஊற்ற, ஆனந்தர் கழுவ, இருவருமாகத் தூக்கிப் படுக்கையில் கிடத்தினர். பிறகு சங்கத்தைக் கூட்டி, தம்மைப் பேண விரும்புவோர் நோயாளரைப் பேணுக என்று அறிவித்தார்.

பயன்படாதவன் என்பதே அப்பிக்கு கைவிடப்பட்டதற்குக் காரணம் என்பதைக் கருதுங்கள். ஆள் நோயில் விழுந்ததும் வேறு ஆள் பார்க்கும் முதலாளி, அதே காரணத்தையே சொல்கின்றார். இப்புனே மண்ணில் சாவித்திரிபாய் புலே அம்மையார் பிளேக் நோயாளருக்குப் பணி செய்து, அந்நோய் தம்மையும் பற்ற, 1897 மார்ச் 10-இல் உயிர் நீத்தார்கள். அவ்வளவு பெரிய தியாகத்தை யாரும் நம்மிடம் கேட்கவில்லை. கேட்பது ஒரு பதிவேடும் சில ரூபாயும்தான்.

பாபாசாகேப் 1942 முதல் 1946 வரை வைசிராயின் அவையில் தொழிலாளர் துறையை வகித்தார்கள். அக்காலத்தில் பேராசிரியர் அதார்க்கர் 1944-இல் அளித்த அறிக்கையே 1948-ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டத்திற்கு அடிப்படையாயிற்று. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்திற்கு இ.எஸ்.ஐ. பொருந்தும். பத்தாவது ஆளைச் சேர்த்தால் இ.எஸ்.ஐ. கட்டவேண்டும் என்று ஒன்பதோடு கணக்கை நிறுத்துவோரும், மற்றவரைப் பதிவில் சேர்க்காது ஒளிப்போரும் உண்டு. பாபாசாகேப் படத்திற்கு மாலை இட்ட கையால் அவர் வழி வந்த உரிமையை ஒளிக்கலாமா? ஆள் உண்மையிலேயே நான்கைந்து பேரே எனில், வேறு வழிகள் உள்ளன. பிரதம மந்திரி சுரட்சா பீமா திட்டத்தில் ஓர் ஆளுக்கு ஆண்டிற்கு 20 ரூபாய் கட்டினால், விபத்தில் உயிர் போனால் குடும்பத்திற்கு 2 இலட்சம் ரூபாய் கிடைக்கும். ஐந்து ஆள்களுக்கு நூறு ரூபாய். விகாரைக்குக் கொணரும் மலர் மாலையின் விலை கூட இல்லை.

நான்காவது: பகிர்ந்துண்ணல்

அரிய சுவைப்பொருள் வந்தால் வேலையாளுக்கும் கொடு என்றார் பகவான். இது தீபாவளிக்கு ஒரு மிட்டாய்ப் பொட்டலம் என்பதோடு முடிவதன்று. ஒரே பாத்திரத்தில் உண்ணுதல் என்பதே இதன் உட்பொருள் எனக் கொள்கின்றோம்.

பம்பாய் ஆலைகளின் வரலாறு தொழிலாளர் யாவரும் அறியத்தக்கது. நெசவுப் பகுதியில் ஊதியம் மிகுதி. ஆனால் அங்கே நாடாவின் கண்வழியே நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். தீண்டப்படாதார் வாய் பட்ட நாடாவை மற்றவர் தொடமாட்டார் என்று காரணம் கூறி, நம் இனத்தாரை நூற்புப் பகுதியிலேயே நிறுத்தினர். 1928-ஆம் ஆண்டின் பெரு வேலைநிறுத்தக் காலத்தில் பாபாசாகேப் இவ்வநீதியை எடுத்துப் பேசினார்கள். முதலாளி மட்டுமல்லர், உடன் வேலை செய்த தொழிலாளியே நம்மைத் தள்ளினான் என்பது அதில் உள்ள கசப்பு.

ஆகவே நம் பட்டறையில் தண்ணீர்ப் பானை ஒன்றே இருக்கட்டும். தேநீர்க் கோப்பை ஒரே வகையாக இருக்கட்டும். மாங்கு சமூகத்தானுக்கு ஒரு குவளை, பீகாரிலிருந்து வந்தவனுக்கு ஒரு குவளை, நமக்கு ஒரு குவளை என்று இருக்கலாகாது. மகாத்மா ஜோதிராவ் புலே அவர்கள் இந்நகரில் கட்டட ஒப்பந்தத் தொழிலும் செய்தவர். பலருக்கு வேலை கொடுத்தவர். அவர் 1868-ஆம் ஆண்டு தம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தீண்டப்படாதாருக்குத் திறந்துவிட்டார். வேலை கொடுத்த ஒருவர் தம் தண்ணீரையும் கொடுத்த வரலாறு நம் தெருவிலேயே இருக்கின்றது.

வீட்டுக்கு வருபவரையும் மறவாதீர். கடை இல்லாதோரும் வீட்டில் பாத்திரம் துலக்க ஓர் அம்மையாரை வைத்திருப்பர். அவர்களும் முதலாளிகளே. அவ்வம்மையாருக்குத் தனித் தட்டு, தனி மூலை என்றிருக்குமாயின், நம் வீட்டுச் சுவரில் உள்ள பகவானின் படம் எதற்கு?

ஐந்தாவது: உரிய காலத்தில் ஓய்வு

ஞாயிறு விடுமுறை வானத்திலிருந்து விழவில்லை. ஜோதிராவ் புலே 1873-இல் புனேயில் நிறுவிய சத்தியசோதக சமாசத்தைச் சேர்ந்த நாராயண் மேகாஜி லோகண்டே அவர்கள், பம்பாய் ஆலைத் தொழிலாளரைத் திரட்டிப் பல்லாண்டு போராடியதன் பின், 1890 ஜூன் 10-இல் அது கிடைத்தது. வாரத்திற்கு 48 மணி நேரம் என்னும் வரம்பு 1946-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத் திருத்தத்தால் வந்தது. அத்துறை பாபாசாகேப் கையில் இருந்த காலம் அது. சென்னையில் மகாபோதி சங்கப் பணியில் ஈடுபட்ட சிங்காரவேலர் அவர்கள் 1923 மே 1-இல் தொழிலாளர் நாளை முதன்முதல் கொண்டாடினார்கள். தமிழ்ப் பௌத்தமும் தொழிலாளர் ஓய்வும் அன்றே கைகோத்தவை.

சித்திரையில் பாபாசாகேப் பிறந்த நாளுக்கும், வைசாகப் பௌர்ணமிக்கும், தீட்சை நாளுக்கும் கடையை மூடி விகாரைக்கு வருகின்றோம். நன்று. நம் ஆளுக்கு ஈத் பெருநாளோ, சட் பூசையோ, ஊர்த் திருவிழாவோ வரும்போது, அதில் நமக்கு நம்பிக்கை இல்லை என்று விடுமுறையை மறுக்கலாகாது. ஓய்வு அவர் உழைப்பின் பங்கு. நம் கொள்கைக்குக் கொடுக்கும் பரிசன்று.

நாவைக் காத்தல்

ஐந்தும் செய்தும் நாவினால் கெடுப்போர் உண்டு. சாவத்தி நகரில் வேதேகிகை என்னும் இல்லத்தலைவி, மிக அடக்கமானவள், பொறுமையானவள் என்று ஊரெங்கும் புகழ் பெற்றிருந்தாள். அவள் பணிப்பெண் காளி என்பவள் வேலையில் தேர்ந்தவள். எசமானியின் பொறுமை உண்மையானதா, தன் வேலைத் திறத்தால் வந்ததா என்று சோதிக்க எண்ணி, ஒருநாள் காலங்கடந்து எழுந்தாள். எசமானி முகம் சுளித்தாள். மறுநாள் இன்னும் தாமதித்தாள், கடுஞ்சொல் வந்தது. மூன்றாம் நாள் கதவின் தாழ்க்கட்டை தலையில் விழுந்தது. குருதி வழியக் காளி தெருவில் நின்று, அடக்கமானவளின் செயலைப் பாருங்கள் என்றாள். இக்கதையைப் பகவானே பிக்குகளுக்கு உரைத்தார். எல்லாம் இனிதாக நடக்கும்போது பொறுமையாக இருப்பது பொறுமையன்று என்பது அதன் கருத்து.

நாம் வேலை செய்த ஓர் ஆலையில் எம்மைப் பெயரிட்டு அழைத்தவர் இலர். வருகைச் சீட்டின் எண்ணைச் சொல்லியே கூப்பிடுவர். எண்ணுக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிய கழுத்துக்கு நிமிர்ந்து நிற்க நெடுநாள் ஆயிற்று. ஆகையால் சொல்கின்றோம்: ஆளைப் பெயர் சொல்லி அழையுங்கள். வயதில் மூத்தவரை அண்ணா, அக்கா, தாதா, தாயி என்று அவரவர் மொழியில் அழையுங்கள். பிழை செய்தால் தனியே அழைத்துச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் முன்னிலையில் திட்டுதல் நான்காம் சீலத்திற்குப் புறம்பானது. வேலைக்கு வரும் பெண்களுக்கு அச்சமற்ற இடமாக உங்கள் கடை இருக்கவேண்டும். பத்துப் பேருக்குக் குறைந்த இடத்தில் வேலை செய்யும் பெண்ணும் தொல்லை நேர்ந்தால் மாவட்டக் குழுவிடம் முறையிடலாம் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. அதனை நீங்களே அவர்களுக்குச் சொல்லுங்கள்.

கைக்கு எட்டுமா என்னும் கேள்வி

பெரிய கம்பெனிகளுக்கு இவை எளிது, எங்கள் கையில் என்ன மிஞ்சுகின்றது என்று சிறு முதலாளிகள் கேட்பர். கேள்வியில் உண்மை உண்டு. பெரிய நிறுவனம் சரக்கை வாங்கிக்கொண்டு மூன்று மாதம் பணம் தராது. வட்டி மட்டும் ஏறும். ஆனால் 2006-ஆம் ஆண்டுச் சிறு தொழில் சட்டப்படி, பதிவு செய்த சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் வட்டியோடு கேட்க உரிமை உண்டு. உத்யம் பதிவைச் செய்து, சங்கமாகச் சேர்ந்து அவ்வுரிமையைக் கேளுங்கள். மேலிருப்பவனிடம் கேட்க அஞ்சி, கீழிருப்பவனின் கூலியில் அதனை ஈடு செய்வது வீரமுமன்று, தம்மமுமன்று.

வருவாயை நான்கு கூறாக்கி, ஒன்றை வாழ்வுக்கும், இரண்டைத் தொழிலுக்கும், ஒன்றை இடர் வரும் நாளுக்குச் சேமிப்பாகவும் வைக்குமாறு பகவான் சிகாலகனுக்குச் சொன்னார். அச்சேமிப்பு இருந்தால், பணம் வராத மாதத்திலும் கூலி நிற்காது. மகளின் திருமணத்திற்கு மண்டபத்தை நிறைக்கும் கடன் வாங்கிவிட்டு, ஆளின் சம்பளத்திற்குக் கையில்லை என்பது வரவின் குறையன்று, வரிசையின் குறை.

வரிசையைப் பற்றியும் பகவான் கூறியுள்ளார். நேர்வழியில், நெற்றி வியர்வையால் ஈட்டிய பொருளை எவ்வெவற்றிற்குச் செலவிடுவது என்று அனாதபிண்டிகருக்கு உரைத்தபோது ஐந்து பயன்களைச் சொன்னார். தன்னையும், பெற்றோரையும், மனைவி மக்களையும், ஏவலர் கூலியாள்களையும் மகிழ்வாக வைத்தல் முதலாவது. நண்பர் நலம் இரண்டாவது. இடரிலிருந்து பொருளைக் காத்தல் மூன்றாவது. சுற்றத்தார், விருந்தினர் முதலியோர்க்குரிய கடன்கள் நான்காவது. துறவோர்க்குக் கொடுக்கும் தானம் ஐந்தாவது. செதவனத்தையே வாங்கிச் சங்கத்திற்கு அளித்த பெருங்கொடையாளரிடம் இதனைச் சொன்னார் என்பதை மறவாதீர். தொழிலாளியின் நலம் பெற்றோருடனும் பிள்ளைகளுடனும் முதல் வரிசையில் உள்ளது. விகாரைக்குக் கொடுப்பது அதற்கு நான்கு படி பின்னால் உள்ளது. எனவே தெளிவாகவே சொல்கின்றோம்: எவரேனும் ஆளின் கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு இவ்விகாரைக்கு நன்கொடை கொண்டு வருவாராயின், அத்தொகையை முதலில் அவ்வாளிடம் கொடுத்துவிட்டு வரட்டும். விளக்கு ஒருநாள் எரியாமற் போனால் பகவானுக்குக் குறை ஒன்றுமில்லை.

இவ்வாறு பேணப்பட்ட வேலையாளும் ஐந்து செய்வார் என்றார் பகவான். எசமானுக்கு முன்னே எழுவார், பின்னே உறங்குவார், கொடுத்ததை மட்டும் எடுப்பார், வேலையைச் செம்மையாகச் செய்வார், நற்பெயரைப் பரப்புவார். முன்னைய இரண்டும் வீட்டோடு இருந்த ஏவலருக்கு உரியவை. இன்று குறித்த நேரத்தில் வருவதும், தொடங்கிய வேலையை முடித்துப் போவதும் எனக் கொள்க. கூலிக்கு நிற்கும் அன்பர்களே, இவை உங்கள் பங்கு. கல்லாவில் திருடுவதும் வேலையில் ஏய்ப்பதும் இரண்டாம் சீலத்தை மீறுவனவே.

அடுத்த பௌர்ணமிக்குள், கடையோ பட்டறையோ உள்ள ஒவ்வோர் உபாசகரும் ஐந்து செயல்களைச் செய்து முடிக்கவேண்டும் எனக் கேட்டுக்கொள்கின்றோம். ஒவ்வோர் ஆளுக்கும் சம்பளமும் நேரமும் எழுதிய தாள் ஒன்று கொடுங்கள். நிலுவை உண்டெனில் தீருங்கள். உட்கார இருக்கையும், எல்லோருக்கும் ஒரே தண்ணீரும் வையுங்கள். அபாயமுள்ள இயந்திரத்தின் காப்பைச் சரி செய்து, ஆளுக்கு விபத்துக் காப்பீடு எடுங்கள். வார விடுமுறை நாளைச் சுவரில் எழுதி வையுங்கள். செய்தவர் யார், செய்யாதவர் யார் என்று விகாரையில் கணக்கெடுக்கமாட்டோம். அக்கணக்கு உங்கள் ஆளுக்குத் தெரியும். அவர் வீட்டு அடுப்புக்குத் தெரியும்.

நம் பிள்ளைகளுள் ஒருவன் நாளை வேறொருவர் கடையில் கூலிக்கு நிற்கக்கூடும். அவன் எவ்வாறு நடத்தப்பட வேண்டும் என்று விரும்புகின்றோமோ, அவ்வாறே இன்று நம் கடையில் நிற்கும் பிறர் பிள்ளையை நடத்துவோம். ஆறு திசையும் நலமுறுக. ஆறனுள் காலடித் திசை முதலில் நலமுறுக.

சாது! சாது! சாது!